பதில்: தரங்கம்பாடியில் கடலோர மனை, 12 சென்ட் வாங்கலாமா?

வணக்கம் நண்பரே. “அலையிலிருந்து 80 மீட்டர், பட்டா சுத்தம், வீடு கட்டி ஹோம்ஸ்டே நடத்தலாம்” என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டா சுத்தமாகவே இருக்கட்டும். அது நிலம் யாருடையது என்றுதான் சொல்லும், அங்கே கட்டலாமா என்று சொல்லாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள்தான் இங்கே முக்கியம். மத்திய அரசின் 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது கடல்நீர் ஏறித் தொடும் எல்லை) 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி என்றால் கணக்கே வேறு: இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் கட்டலாம். எனவே உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று கடலோர மண்டல வரைபடத்தில் பாருங்கள். அலையிலிருந்து டேப் பிடித்து அளந்ததெல்லாம் செல்லாது.

முன்பணம் கொடுக்குமுன் அந்த ஊர்க் கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் வரை நடந்து பாருங்கள். 1306இல் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பத்திரத்தில் 12 சென்ட் இருக்கும். கரையில் எத்தனை மிச்சம் என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. கடலோரத்தில் என் மாமா வீட்டு இரும்பு கேட் நாலே வருஷத்தில் அப்பளமாக நொறுங்கியது. அங்கே நிலத்தடித் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், சித்திரையில், உப்புக் கரிக்கிறதா என்று.

நானாக இருந்தால் ஊருக்குள்ளே பழைய ஓட்டுவீடு ஒன்று தேடுவேன்.