கையில் இருப்பதெல்லாம் காருக்கே போனால்? பழைய டர்போ கார் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கோவையில் ஸ்பின்னிங் மில்களுக்கு உதிரி பாகம் சப்ளை செய்கிறேன். வயது 34. காலேஜ் நாளிலிருந்தே ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். டர்போ கார் மீது ஒரு கண். இப்போது 2017 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 71,000 கி.மீ. ஓட்டம், இரண்டு ஓனர் கை மாறியது. 16 லட்சம் சொல்கிறார்கள். கையில் இருப்பதும் அவ்வளவுதான். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. ‘கையில் இருப்பதும் அவ்வளவுதான்.’ அப்படியானால் இந்த வண்டி 13 லட்சத்துக்குப் படிந்தால் வாங்குங்கள். படியாவிட்டால் விட்டுவிடுங்கள். மீதி மூன்று லட்சம் வங்கியிலேயே கிடக்கட்டும். அது உங்கள் பணம் அல்ல, வண்டியின் பணம்.

ஏன் இவ்வளவு கறார் என்கிறீர்களா? 2017-இல் இது ஷோரூமில் ஏறக்குறைய 24.6 லட்சம், ஆன்ரோடு இன்னும் மேலே. அந்த மாடலில் இந்தியாவுக்கு வந்ததே சுமார் ஐந்நூறு வண்டி. இத்தனை வருடத்தில் வண்டியின் விலை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட்டும் பம்பரும் இன்றைக்கும் 25 லட்ச ரூபாய் வண்டியின் ஹெட்லைட், பம்பர் விலையில்தான் கிடைக்கும். அதுவும் ஆர்.எஸ்ஸுக்கென்று வந்த முன்பக்க பாகங்கள் சாதாரண ஆக்டேவியாவுக்குப் பொருந்தாதவை. பழைய இரும்புக் கடையில் தேடினாலும் அபூர்வம்.

இன்ஜின் விஷயத்தில் அந்தக் கவலை குறைவு. 2 லிட்டர் டி.எஸ்.ஐ., அதாவது டர்போ பெட்ரோல், 230 குதிரை சக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த இன்ஜின் குடும்பம் சூப்பர்பிலும் ஆடியிலும் ஓடியது. அதனால் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் கோவையிலேயே இருக்கிறார்கள். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். கியர்பாக்ஸ் ஆறு ஸ்பீடு டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், எண்ணெயில் ஊறும் கிளட்ச். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ-யில் வந்த ஏழு ஸ்பீடு உலர் கிளட்ச் பெட்டியைப் பற்றி ஊரெல்லாம் புலம்பக் கேட்டிருப்பீர்கள். இது அது இல்லை. ஆனால் இதற்கு 60,000 கி.மீ-க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். 71,000 ஓடிய வண்டி என்றால் அது ஒருமுறை நடந்திருக்க வேண்டும். பில் கேளுங்கள். ‘மாத்தியாச்சு சார், பில்லுதான் எங்கேயோ...’ என்று இழுத்தால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பார்க்கப் போகும்போது முதல் நாள் ராத்திரியே ஓனருக்குப் போன் செய்து, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். டர்போ வண்டியின் வண்டவாளமெல்லாம் முதல் ஒரு நிமிடத்தில்தான் வெளியே வரும். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் செயின் பக்கம் கடகடவென்று இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சத்தம் நீண்டால் நல்லதல்ல. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது டர்போவின் சீலாகவும் இருக்கலாம், இன்ஜினாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையதல்ல, விற்பவருடையது.

டர்போ என்பது புகையில் சுற்றும் ஒரு காற்றாடி. இன்ஜினைவிட்டு வெளியே ஓடும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். அந்தத் தண்டு மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அதனால் ஆயில் பில்தான் இந்த வண்டியின் ஜாதகம். கம்பெனிக் கணக்கு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். நம் ஊர் வெயிலுக்கும் அவிநாசி ரோடு டிராஃபிக்குக்கும் நான் 7,500-க்கே மாற்றச் சொல்வேன். முந்தைய இரண்டு ஓனர்களில் ஒருவராவது அப்படி மாற்றியிருந்தால், விலையைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

அடுத்தது கூலண்ட், இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு ஒன்று உண்டு. வருடங்கள் போகப்போக அது கசியும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இதே இன்ஜின் குடும்பத்தில் ஒரு செடானை ஏழு வருடம் முன்பு வாங்கினேன். டெஸ்ட் டிரைவில் வெல்லப்பாகு மாதிரி லேசாக ஒரு வாசனை. கார் ஃப்ரெஷ்னர் என்று நினைத்துக்கொண்டேன், கசிந்த கூலண்டின் வாசனை அது. மூன்றாம் வாரம் வாணியம்பாடி தாண்டியதும் டெம்பரேச்சர் விளக்கு எரிந்தது. விற்றவருக்குப் போன் போட்டேன், ‘நம்மகிட்ட இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லையே சார்’ என்றார். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, டோ வண்டி பில்லைத் தவிர. நீங்கள் கூலண்ட் டப்பாவில் அளவு பாருங்கள், பின்க் நிறமா பாருங்கள். தண்ணீர் ஊற்றி வெளுத்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

பிறகு, வண்டியை ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் அட்வான்ஸ் தராதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோங்கள். மீட்டரைத் திருப்புகிறவன் டேஷ்போர்டில் திருப்பிவிட்டு, மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகளை மறந்துவிடுவதுண்டு. அவற்றில் பதிவான கிலோமீட்டர் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரும் ஏறுமுகமாக இருக்க வேண்டும். 2019-இல் 48,000 காட்டிவிட்டு 2021-இல் 41,000 காட்டினால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோவை வண்டி என்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: செட்டிபாளையத்தில் இருக்கும் ‘கரி’ ரேஸ் டிராக்கில் ஓடியதா? ஓடியது என்றால் உடனே ஓடிவிட வேண்டியதில்லை. டிராக்குக்குப் போகிறவர்களில் பலர் ஆயிலையும் பிரேக் ஃப்ளூயிடையும் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி கவனிப்பார்கள். டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கிறதா, நான்கு டயரும் ஒரே கம்பெனியா, தேய்மானம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறொரு மலிவு டயர் என்றால் அந்த ஓனர் வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள்.

கேள்வி: ஓசூர்க்காரன். பெங்களூரில் கே.ஏ. நம்பர் வண்டிகள் நம்மூரைவிட ஒன்றரை லட்சம் குறைவாகத் தெரிகின்றன. வாங்கி அப்படியே ஓட்டலாமா, நம்பர் மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. இதற்கு அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும், கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு.

ஒன்றரை லட்சம் மிச்சம் என்கிறீர்களே, தமிழ்நாட்டு ஆயுள் வரியைச் சேர்த்துப் பார்த்தீர்களா? 2023 நவம்பரிலிருந்து புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம், 10-லிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் ஆரம்ப விலை பெரிய விலை. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டு வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி எண்ணைச் சொல்லி வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: பழைய டர்போ காருக்கு இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) சரிப்படுமா? பிரீமியம் பெட்ரோல் போட்டால் தப்பிக்கலாம் என்கிறார்களே?

பதில்: இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. அமுக்கிய காற்றில் பெட்ரோல் தானாக முன்கூட்டியே பற்றிக்கொள்ளாமல் இருக்க ஆக்டேன் வேண்டும். டர்போ இன்ஜினுக்கு இது முக்கியம். குறைவான ஆக்டேன் போட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்ற சக்தியைக் குறைத்துவிடும். எத்தனாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன் அதிகம், ஆகவே அந்த வகையில் இ20 எதிரி இல்லை.

எதிரி வேறு இடத்தில். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் இறங்கும். இ10-க்கு ஏற்ப அமைத்த நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. அதோடு எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். இந்த மாதிரிக் கார்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள். மாதக்கணக்கில் போர்வை போர்த்தி நிற்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கு அதுதான் வில்லன். ஓட்டாத வண்டியாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், எரிபொருள் குழாய்களை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிரீமியம் போட்டால் எத்தனாலிலிருந்து தப்பித்துவிடலாம் என்ற கணக்கில் போடாதீர்கள். ஆக்டேனுக்காகப் போடுங்கள். எவ்வளவு வேண்டும் என்று டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

கேள்வி: வாங்கிய வண்டியை ஏற்கெனவே ‘ஸ்டேஜ் 1 ரீமேப்’ செய்திருக்கிறார்களாம். புரோக்கர் அதைக் கூடுதல் சிறப்பு என்று சொல்லி நாற்பதாயிரம் கூட்டிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். தப்பா?

பதில்: தப்பு. அது தள்ளுபடி கேட்க வேண்டிய இடம். கம்ப்யூட்டரில் நிரலை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றினால் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாமே கணக்குக்கு மேல் உழைக்கும். எவ்வளவு நாள் அப்படி உழைத்தது என்பது உங்களுக்குத் தெரியாது. கம்பெனி சர்வீஸில் கண்டுபிடித்தால் அந்த வண்டியின் பதிவில் குறித்துவிடுவார்கள், அதன்பின் வாரண்டி பேச்சே எழாது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் கையில் சிக்கினால் கிளைமை மறுக்க அதுவே ஒரு சாக்கு. செய்தவரிடம் பழைய நிரலின் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் திருப்பிப் போட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கையும் டி.எஸ்.ஜி. ஆயிலையும் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: விற்றவர் இன்ஷூரன்ஸில் 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் இருப்பதாகச் சொன்னார். அது எனக்கு வந்துவிடும்தானே?

பதில்: வராது. கிளைம் கேட்காமல் இருந்ததற்கான அந்தத் தள்ளுபடி ஆளுக்குரியது, வண்டிக்குரியது அல்ல. அவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும். சொந்தச் சேதத்துக்கான கிளைம், பாலிசி பழைய பெயரிலேயே இருந்தால் சிக்கலாகும். ஹெட்லைட் விலை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சென்னை. டீலரிடம் வாங்கிய டர்போ காரின் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. இருக்கையின் அடியில் சேறும் காய்ந்து கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சேறு என்றதும் எனக்கு 2015 டிசம்பரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த வாரமும்தான் ஞாபகம் வருகின்றன. அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் கழிவுக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் கறைக் கோடு தெரிந்தால், ஸ்டெப்னி குழியிலும் சீட் தண்டவாளத்தின் போல்ட்டிலும் துரு இருந்தால், ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் எழுத்துப்பூர்வமாக அறிக்கையும் வாங்குங்கள்.

டீலர் என்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அவர் வியாபாரி, நீங்கள் நுகர்வோர். முதலில் வழக்கறிஞர் இல்லாமலே ஒரு நோட்டீஸ், பதிவுத் தபாலில். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் வழக்கை அங்கேயே போடலாம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தில் அவர்கள் போட்ட கிலோமீட்டர், வாட்ஸ்அப்பில் சொன்னது, பில் எதையும் அழிக்காதீர்கள். தெருவில் ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்; சிவில் கோர்ட்டும் போலீஸும்தான்.

கேள்வி: இந்தக் கார்கள் மைலேஜ் என்ன கொடுக்கும்?

பதில்: கியரும் காலும் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு. அண்ணா சாலையில் ஒற்றை இலக்கம் காட்டினால் வண்டியைத் திட்டாதீர்கள். ஹைவேயில் வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிட்டு நிறுத்துங்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில் மைலேஜும் கொஞ்சம் ஏறும்.