மே கடைசியா, மிட்சம்மரா?

கேள்வி: ஸ்டாக்ஹோமுக்கு நாலு நாள் போக ஆசை. மே கடைசி வாரம் போவதா, ஜூனில் மிட்சம்மர் என்ற கோடை நடுத் திருவிழாவோடு சேர்த்துப் போவதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். கணவர் மிட்சம்மர் கட்சி, நான் மே கட்சி. தீர்ப்புச் சொல்லுங்களேன்.

பதில்: தீர்ப்பு உங்கள் பக்கம்தான். மிட்சம்மர் என்றதும் ஊரே தெருவில் இறங்கி ஆடும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர் எதிர். ஸ்வீடனில் மிட்சம்மர் ஈவ் என்பது ஜூன் 19 முதல் 25க்குள் வரும் வெள்ளிக்கிழமை. 1953இலிருந்து இந்த ஏற்பாடு. முந்தின நாளே ஸ்டாக்ஹோம்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கோடை வீட்டுக்கும் தீவுகளுக்கும் கிளம்பிவிடுவார்கள், ஊறவைத்த ஹெர்ரிங் மீன், டில் கீரை போட்ட புது உருளைக்கிழங்கு எல்லாம் அங்கேதான். நகரத்தில் பல கடைகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும், அரசு மதுக்கடை வெள்ளி, சனி இரண்டு நாளும் திறக்காது. பழைய நகரமான காம்லா ஸ்டானில் சுற்றுலாக்காரர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நாலு நாள் பயணத்தில் இரண்டு நாள் இப்படிப் போனால் மிச்சம் என்ன?

வெளிச்சத்துக்காக ஜூன் வேண்டும் என்று கணவர் சொல்லலாம். மே 25 வாக்கிலேயே அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும், விடியற்காலை நாலு மணிக்கு முன்னால் உதித்தும் விடும். மிட்சம்மரில் பகல் சுமார் பதினெட்டரை மணி நேரம், மே கடைசியில் அதைவிட ஒரு மணி நேரம்கூடக் குறைவில்லை. அந்தச் சமயத்தில் லைலாக் பூத்திருக்கும், இலைகள் எல்லாம் புதுசு. குளிர்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்: பகலில் 16, 17 டிகிரி, இரவில் அதில் பாதிக்கும் இறங்கலாம். கடலில் குளிக்கும் திட்டம் இருந்தால் மே சரிப்படாது. தீவுகளுக்குப் போகும் படகுகளும் கோடை அட்டவணைக்கு மாறியிருக்காது, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், கணவர் விடமாட்டேன் என்றால் ஸ்கான்சன் இருக்கிறது. 1891இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம், நகரத்துக்குள்ளேயே யூர்கோர்டன் தீவில். அங்கே இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, பெரியவர்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள், தவளை மாதிரி குதிப்பதும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டம் நெரியும். மழைக்கோட்டு கட்டாயம், மிட்சம்மரில் மழை பெய்யாமல் இருக்காது என்று ஸ்வீடன்காரர்களே கேலி செய்வார்கள்.

கேள்வி: கோபன்ஹேகன், ஓஸ்லோவிலும் ஜூனில் இப்படித்தான் காலியாகிவிடுமா?

பதில்: இல்லை. டென்மார்க்கில் ஜூன் 23 இரவு சங்க்ட் ஹான்ஸ், அவர்கள் ஊர் மிட்சம்மர். அது பொது விடுமுறை இல்லை என்பதால் நகரம் வழக்கம்போல ஓடும். சாயங்காலம் கடற்கரையில் பெரிய தீ மூட்டி, அதன் மேல் சூனியக்காரி பொம்மையை வைத்து எரிப்பார்கள். கொண்டாட்டமும் வேண்டும், கடையும் திறந்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் கோபன்ஹேகனைத்தான் சொல்வேன். ஓஸ்லோவில் பெரிய கொண்டாட்டம் மே 17. 1814இல் நார்வேயின் அரசியலமைப்பு உருவான நாள் அது. பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு அரண்மனை முன்னால் ஊர்வலம் போவார்கள், ஊரே பாரம்பரிய உடையில் தெருவில் நிற்கும். அன்று கடை கிடையாது, அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். ஹெல்சிங்கி மட்டும் ஸ்டாக்ஹோமுக்கு அண்ணன்: ஜூன் 20 முதல் 26க்குள் வரும் சனிக்கிழமை யுஹன்னுஸ், அதாவது பின்லாந்தின் மிட்சம்மர், ஊர் முழுக்க ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: நள்ளிரவுச் சூரியனை ஸ்டாக்ஹோமிலேயே பார்த்துவிடலாம்தானே?

பதில்: முடியாது. ஸ்டாக்ஹோம் வடக்கு அட்சரேகை 59 பாகையில் இருக்கிறது, அதற்கு ஆர்க்டிக் வட்டம் வரையாவது, அதாவது கிட்டத்தட்ட 66.5 பாகைக்கு ஏற வேண்டும். நார்வேயின் ட்ரோம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 20ஐத் தாண்டியும் சூரியன் மறைவதே இல்லை, அதனால் இதற்கும் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டாக்ஹோமில் கிடைப்பது நடுராத்திரியிலும் முழுசாக இருட்டாத நீல வானம். அறையில் கனமான திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் துணி கட்டாமல் தூங்க முடியாதவர்கள் நிறையப் பேர்.