கிணற்றடிக்கு வந்த கறுப்புப் புள்ளி

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஒரு ‘மெக்கன்னாஸ் கோல்டு’ பைத்தியம். அதில் வரும் கொள்ளைக்காரன் கொலராடோ வழியாகத்தான் எனக்கு ஓமர் ஷெரீஃபைத் தெரியும். போன வாரம் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்து, அதே ஆளா இவர் என்று அசந்துபோனேன். இரண்டு சந்தேகங்கள். அதில் அவர் நடித்த ஷெரீஃப் அலி, லாரன்ஸின் வழிகாட்டியைக் கிணற்றடியில் சுட்டுக்கொல்வது உண்மையில் நடந்ததா? இப்படியொரு தொடக்கம் கிடைத்தவர் அப்புறம் ஏன் ரஷ்யர், மங்கோலியர், மெக்சிகோக்காரர் என்று வேஷம் கட்டிக்கொண்டே திரிந்தார்? திறமையை வீணடித்துவிட்டாரோ?

கு. செ., கோவில்பட்டி

அன்புள்ள கு. செ.,

கொலை நடக்கவில்லை. ஆனால் கிணறு உண்டு, அலியும் உண்டு, தஃபாஸ் என்ற வழிகாட்டியும் உண்டு. படத்தின் நாயகனான நிஜ லாரன்ஸ், அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்த பிரிட்டிஷ் அதிகாரி, தன் நூலில் எழுதியிருப்பது வேறு கதை. 1916 அக்டோபரில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ஃபைசலைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு கிணற்றருகே தங்குகிறார். ஒட்டகத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். பகட்டாக உடுத்தியவர் இறங்கியதும் கயிற்றை மற்றவரிடம் எறிந்து, தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வேலையாள் தடுமாறுகிறார், அடியும் வாங்குகிறார். அவர்கள் போன பிறகுதான் தஃபாஸ் விஷயத்தைச் சொல்கிறார்: இருவருமே ஹாரித் குலத்துப் பெரிய மனிதர்கள், அலியும் அவருடைய பங்காளி மோஷினும். கிணற்றைச் சுற்றி இருந்தது பகைக் குலம். அடையாளம் தெரிந்தால் தண்ணீர் கிடைக்காது என்று எசமானும் வேலையாளுமாக நடித்திருக்கிறார்கள். அலி அடித்த அடியில் மோஷினுக்கு வந்த கோபம் மட்டும் நிஜம்!

இந்த வேடிக்கையைத் திரைக்கதை கொலையாக மாற்றியது. வரலாற்றுப் பிழைதான், சந்தேகமில்லை. பாலைவனத்து மனிதர்களைப் பற்றி ஐரோப்பியக் கண்ணுக்கு வசதியான பிழை என்றும் சொல்வேன். ஆனாலும் அந்தக் கொலை இல்லாவிட்டால் படத்தில் அலிக்கு நடக்கப் பாதை கிடைத்திருக்காது. தன் கிணற்றில் குடித்தான் என்று ஒருவனைச் சுட்ட ஆள், கடைசியில் டமாஸ்கஸில் தங்கி அரசியல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். லாரன்ஸ் போகிற திசை நேர் எதிர். நாகரிகம் பேசி வந்தவர், கொல்வது தனக்குப் பிடித்திருக்கிறது என்று தானே மிரண்டு ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார். இந்த இரண்டு பாதைகளும் குறுக்கிடுவதுதான் எனக்கு அந்தப் படம்.

அந்த அறிமுகக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் வெகு தொலைவை இழுத்துக் காட்டும் 482 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை இதற்கென்றே கொண்டுபோயிருந்தார். கானல் நீரில் ஒரு கறுப்புப் புள்ளி நடுங்குகிறது. அது உயரமாகிறது, ஒட்டகம் ஆகிறது, ஆள் ஆகிறது. பின்னணி இசை கிடையாது. ஓரிரு சொல்லுக்கு மேல் பேச்சும் கிடையாது. தஃபாஸ் துப்பாக்கி எடுக்க ஓடுகிறார், குண்டு பாய்கிறது. அதற்குப் பிறகுதான் முகம்.

தஃபாஸாக நடித்தவர் பாகிஸ்தான் நடிகர் ஜியா மொஹைதீன். முதலில் அந்தச் சின்ன வேடத்துக்குத்தான் ஓமர் ஷெரீஃபைப் பேசியிருந்தார்கள். அலியாக நடிக்க ஒப்பந்தமான பிரெஞ்சு நடிகர் மொரிஸ் ரோனே சரிப்படாமல் போக, இயக்குநர் டேவிட் லீன் இவரை மேலே ஏற்றினார். சாக வந்தவர் சுடுகிறவர் ஆனார். (லாரன்ஸ் பாலைவனத்துக்குள் திரும்பிப் போய்க் காப்பாற்றும் காசிம், நம் இந்தி நடிகர் ஐ.எஸ். ஜோஹர். கவனித்தீர்களா?)

‘தொடக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நமக்குத்தான் தொடக்கம். அலெக்ஸாண்ட்ரியாவில் 1932இல் மிஷெல் ஷல்ஹூப் என்ற கிறிஸ்தவப் பையனாகப் பிறந்து, அப்பாவின் மரக்கடையில் வேலை பார்த்து, 1954இல் எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷஹீன் படத்தில் கரும்பு விவசாயிகளுக்காக நிற்கும் வேளாண் பொறியாளராக அறிமுகமானவர். கூட நடித்த ஃபாதென் ஹமாமா அப்போதே பெரிய நட்சத்திரம். அவரை மணக்க இஸ்லாத்துக்கு மாறினார். எகிப்தில் எட்டு வருஷம் நாயகனாக இருந்த பிறகுதான் அலி. ஓமர் ஷெரீஃப் என்ற பெயரே அவர் கட்டிய முதல் வேஷம்!

சரி, வீணடித்தாரா? பாதி ஆமாம். ஆஸ்கர் பரிந்துரையும் கோல்டன் குளோபும் வந்த கையோடு, ஹாலிவுட் அவரை ‘எங்கிருந்தோ வந்தவர்’ என்ற ஒரே பெட்டியில் போட்டது. அவருடைய உச்சரிப்பு எந்த ஊருக்கும் முழுசாகச் சேராது, அதனால் எந்த ஊருக்கும் அனுப்பலாம். 1965இல் மட்டும் செங்கிஸ்கானும் அவர்தான், டாக்டர் ஷிவாகோவும் அவர்தான். செங்கிஸ்கானை மறந்துவிடலாம். 1969இல் வந்த சே குவேராவையும்தான். ஷிவாகோவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படத்தில் அவர் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை, பார்க்கிறார். குதிரைப்படை ஊர்வலத்தை வெட்டிச் சாய்க்கும்போது கேமரா தெருவைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் நம்புகிறது. அலியிலும் அதே திறமைதான். லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ’டூல் பேசப் பேச, படம் நகர்வது கேட்டுக்கொண்டிருப்பவரின் கண்ணில்.

மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பு. உலகத்தரமான பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர், 1964 பிரிட்ஜ் ஒலிம்பியாடில் எகிப்துக்காக ஆடியவர். சீட்டோடு நிறுத்தாமல் சூதாட்ட விடுதிகளுக்கும் போனார். கடனை அடைப்பதற்காகவே ஒப்புக்கொண்ட படங்கள் உண்டு என்பதைப் பேட்டிகளில் அவர் மறைத்ததில்லை.

ஆனால் 2003ஐ விட்டுவிடாதீர்கள். ‘மிஸ்யூ இப்ராஹிம்’ என்ற பிரெஞ்சுப் படம். பாரிஸில் மளிகைக்கடை வைத்திருக்கும் துருக்கியக் கிழவர், தன் கடையில் திருடும் யூதப் பையனிடம் கோபப்படாமல் பேச்சுக்கொடுக்கிறார். அந்தக் கிழவராக நடித்ததற்கு 71 வயதில் பிரான்சின் சேசர் விருது வாங்கினார். வேஷம் மறுபடி வேறு நாட்டு ஆள்தான், ஆனால் இம்முறை யாரும் அவரைக் குதிரையில் ஏற்றவில்லை.

அப்பாவையும் லாரன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய திரை கிடைக்கிறதோ அதில். செல்பேசியில் பார்த்தால் அந்தப் புள்ளி வருவதே தெரியாது.