தகராசுகா பத்திரிகைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தகராசுகா பற்றியவை. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் தகராசுகா என்ற ஊரில், ரயில் கம்பெனி முதலாளி கோபயாஷி இச்சிஸோ தன் பாதையின் கடைசி நிலையத்துக்குக் கூட்டம் சேர்க்க 1913-இல் தொடங்கிய இசை நாடகக் குழு. ஆண் வேடம் உட்பட எல்லா வேடமும் பெண்களே போடுவார்கள். முதல் மேடையேற்றம் 1914-இல்.

கேள்வி: காகெகி, தகராசுகா கிராஃப் என்று இரண்டு இதழ்கள் மாதாமாதம் வருகின்றன. எனக்கு ஜப்பானிய எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். எதை வாங்குவது?

பதில்: கிராஃப். யோசிக்கவே வேண்டாம். 1936 முதல் வருகிற படப் பத்திரிகை அது. பெரிய அளவு, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரங்கள். எழுத்தே படிக்காவிட்டாலும் கொடுத்த காசு வீண் போகாது. காகெகி அதற்கும் மூத்தது, 1918-இல் வந்தது. கைக்கு அடக்கமான அளவு, உள்ளே பேச்சுதான் அதிகம்: நடிகைகள் கூடி உட்கார்ந்து அரட்டை அடிக்கிற பகுதி, அவர்களே எழுதும் பத்திகள், ரசிகர் கடிதங்கள். மொழி தெரிந்தவர்களுக்கு நிஜமான சுவை காகெகியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மொழி தெரியாமல் வாங்கினால் அலமாரியில் தூங்கும்.

ஆனால் புதிதாக ரசிகரானவர் ஒரே ஒன்று வாங்குவதென்றால் நான் சொல்வது இரண்டும் இல்லை, வருடம் ஒருமுறை வரும் 'தகராசுகா ஒதொமே'. மலர், நிலா, பனி, நட்சத்திரம், பிரபஞ்சம் என்று தகராசுகா பிரிந்திருக்கும் ஐந்து குழுக்களிலும் இருக்கிற எல்லோருடைய படமும் அதில் உண்டு, சொந்த ஊர், பிறந்த நாள், செல்லப் பெயர், பிடித்தது எல்லாம் போட்டிருக்கும், பிறந்த வருடம் மட்டும் இருக்காது, அது அங்கே வழக்கம். மூன்றாவது வரிசையில் ஆடிய அந்த உயரமான பெண் யார் என்று மண்டையைக் குடைந்துகொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. ஆளெல்லாம் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் பழைய வருட ஒதொமேயைப் புதியது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அட்டையில் வருடத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஏலத் தளத்தில் பழைய கிராஃப் இதழ்கள் 'மிக அரிது' என்று போட்டு நல்ல விலை சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: 'அரிது' என்பது விற்கிறவர் போடுகிற வார்த்தை. மாதாமாதம் அச்சாகிற பத்திரிகை, ரசிகர்களோ எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கிற ரகம். அதனால் சமீப காலத்து இதழ் எதுவும் அவ்வளவு சீக்கிரம் அரிதாகாது. விலை ஏறுவது வேறு காரணத்தால்: உச்ச நட்சத்திரம் ஒருவர் விலகுகிறார் என்ற அறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும், அதிலிருந்து கடைசி நாள் வரை அவர் படம் அட்டையில் வந்த இதழுக்கெல்லாம் கிராக்கி. அந்தச் சூட்டில் வாங்காதீர்கள். கொஞ்சம் ஆறட்டும்.

விலையைவிட முக்கியம், இதழ் முழுசாக இருக்கிறதா என்பது. தனக்குப் பிடித்தவர் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பது இந்த வட்டாரத்தில் சகஜம். முன்பக்கத்தில் ஒருவரை வெட்டினால் பின்பக்கத்தில் இன்னொருவர் தோளோடு நின்றுவிடுவார், அந்த இன்னொருவருக்காகத்தான் நீங்கள் வாங்கியிருப்பீர்கள். வெட்டிய பக்கம் உண்டா என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். மடிப்போடு வந்த போஸ்டர் போன்ற இணைப்பு இருக்கிறதா என்பதையும் தனியாகக் கேளுங்கள். பழைய இதழ் என்றால் பின் அடித்த இடத்தில் துருக்கறை, ஓரம் மஞ்சளித்திருப்பது, இதெல்லாம் படத்தில் தெரியும்படி அனுப்பச் சொல்லலாம். பதிலே சொல்லாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம் செலவுக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து இடைத்தரகுத் தளம் வழியாக வாங்கினால் ஏல விலை, தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, அங்கிருந்து உங்கள் ஊருக்கு அனுப்பும் செலவு என்று நான்கு இடத்தில் காசு போகும். கிராஃப் தாள் கனம். முப்பது இதழ் ஒரு கட்டாக அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று ஏலம் கேட்டு ஜெயித்தவர்கள், தபால் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முழிப்பது வாடிக்கை. ஏலம் கேட்கும் முன்பே எடையைக் கேட்டு, தபால் செலவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் கப்பல் தபால் மலிவு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கிலும்.

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கும் மகளிடம் போகிறேன். நேரில் எங்கே வாங்கலாம்?

பதில்: கொடுத்து வைத்தவர். ஒசாகாவின் உமெதா பகுதியிலிருந்து ஹான்கியு கம்பெனி ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், தகராசுகா வந்துவிடும். அங்கே குழுவின் பெரிய அரங்கிலேயே 'கேட்ர் ரேவ்' என்ற அதிகாரபூர்வக் கடை இருக்கிறது, உமெதாவிலும் டோக்கியோ ஹிபியாவிலும் கிளை உண்டு. புது இதழ், மேடைப் படங்கள், டிஸ்க் எல்லாம் அங்கே. அரங்கில் புதன்கிழமைகளில் பெரும்பாலும் காட்சி இருக்காது, அந்த நாளைத் தவிருங்கள். பழைய இதழ்களுக்கு இந்தக் கடை உதவாது, பழைய புத்தகக் கடைகளைத்தான் தேட வேண்டும்.

நாடகம் பார்க்கிற எண்ணமும் இருந்தால் டிக்கெட்டை மறுவிற்பனை செய்கிறவர்களிடம் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் கூடுதல் விலைக்குத் தொழிலாக மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து அமலில் இருக்கிறது, அப்படி வாங்கிய டிக்கெட்டோடு வாசலில் நின்றால் உள்ளே விடாமலும் போகலாம்.

கேள்வி: அங்கே வாங்கும் புளூரே இந்தியாவில் ஓடுமா?

பதில்: பிளேயரைப் பொறுத்தது. எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். புளூரேயில் ஜப்பான் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி'. டிவிடியில் ஜப்பான் 2, இந்தியா 5. இங்கே வாங்கிய சாதாரண பிளேயர் மறுத்துவிடும், எல்லா மண்டலமும் எடுக்கிற பிளேயர் வேண்டும். சிங்கப்பூர் புளூரேயில் 'ஏ' தான், அங்கிருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆங்கில சப்டைட்டிலை எதிர்பார்த்து வாங்காதீர்கள். கதை புரிய வேண்டுமென்றால் 'லு சாங்க்' என்ற நாடகச் சிறப்பிதழில் மேடைப் படங்களோடு வசனமும் வரும், ஆனால் எல்லா இதழிலும் வசனம் இருக்காது, காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.