பிடித்திருக்கும் கை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கால்நடை கிளினிக் நடத்துகிறேன். பெரும்பாலும் நாய், பூனை. வாரத்தில் இரண்டு நாள் சுற்றுக் கிராமங்களுக்கு மாடு பார்க்கப் போவேன். என்னிடம் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். சம்பளம் இந்த ஊருக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு போனஸ், பிறந்தநாளுக்கு கேக் எல்லாம் உண்டு. கடைசியாக நின்ற பெண்ணிடம் காரணம் கேட்டதற்கு "ஒண்ணுமில்ல சார்" என்றாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாளாம். போன வாரம்கூட லாப்ரடார் வைத்திருக்கும் ஒருவர், "உங்க ஆளுங்க நல்லாப் பாத்துக்கறாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இவர்களை நான் மதிக்கிறேன் என்பதை எப்படிப் புரியவைப்பது?

(பெயர் வேண்டாம்)
கோத்தகிரி

அன்புள்ள டாக்டர்,

நிர்வாகம் எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாக வீட்டில் நாய் இருக்கிறது, கிளினிக் பெஞ்சில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் தப்பு. சில வருடங்களுக்கு முன், இதே மலையில் ஒரு கிளினிக். எங்கள் நாய்க்குட்டிக்கு பார்வோ என்கிற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்ற இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. முன்காலைப் பிடித்திருந்த உதவியாளரைப் பார்த்து, "ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். வாந்தியும் பேதியுமாக நீர் வற்றிப்போன குட்டிக்கு நரம்பு லேசில் அகப்படாது, பிடித்தவர் மேல் குற்றமில்லை என்று டாக்டருக்குத் தெரியும். அவர் நிமிராமல் மூன்றாவது முறை குத்தினார். அந்தப் பெண் பதிலும் பேசவில்லை, பிடியையும் விடவில்லை.

சாயங்காலம் போனபோது அந்த உதவியாளர்தான் குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறை விரலால் அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். சிவப்பு திரும்பிவிட்டது. "காலையில நாலு வரைக்கும் எண்ண வேண்டியிருந்துச்சு சார். இப்பப் பரவாயில்ல." 2 விநாடிக்குள் திரும்பினால் ரத்த ஓட்டம் தேறுகிறது என்று அர்த்தம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லையாம், பார்த்துப் பார்த்துக் கற்றது. "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "அவர் கேக்கலையே" என்றார்.

மறுநாள் ஒரு பொட்டலம் வர்க்கியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. நின்றுவிட்டாராம். என்னால்தான் என்று சொல்லமாட்டேன், அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். ஆனால் அன்று டாக்டர் வாயைத் திறந்து, "அவங்க சரியாத்தான் பிடிச்சிருக்காங்க, கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்று என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேஜையருகே நின்று யாராவது கத்தும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லாப்ரடார்காரர் "சொல்லிவிட்டுப் போனார்". உங்களிடம் வேலை பார்த்த பெண் "என்றாள்". தவறாக நினைக்காதீர்கள், நம் எல்லோருக்கும் கைப்பழக்கம் இது. ஆனால் கேட்பவர் காதில் விழும். இன்னொன்று, லாப்ரடார்காரர் சொன்ன அந்த நல்ல வார்த்தை அந்த மூன்று பேரிடம் போய்ச் சேர்ந்ததா, அல்லது உங்களோடு நின்றுவிட்டதா?

நாயைப் பிடித்திருப்பவரிடம் கேளுங்கள். எந்தக் கால் தொட்டால் இழுக்கிறது, ராத்திரி தண்ணீர் குடித்ததா, காலையில் எத்தனை முறை வெளியே போனது. உங்களைவிட நாலு மணி நேரம் அதிகமாக அதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதைக் கேஸ் ஷீட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். பார்வோ கூண்டைக் கழுவ ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கோத்தகிரி ஜனவரியில் அந்தத் தண்ணீரில் காலை ஏழரைக்குக் கை விட்டுப் பார்த்ததுண்டா? பின்பக்கக் குழாய்க்கு ஒரு கீஸரும் முழங்கை வரை வரும் கையுறையும் வாங்கிப்போடுங்கள். கேக் செலவில் முடியாதுதான், ஆனால் தினமும் கையில் தெரியும்.

ரேபிஸ் தடுப்பூசி? உங்களுக்குப் போட்டிருக்கும். கடி வாங்குகிற இடத்தில் நிற்பவர்களுக்கு? கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று 1907லேயே தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கும் குன்னூருக்குப் பக்கத்து ஊரில் இதை நான் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.

சிறுத்தை கவ்விய நாய் இருட்டிய பிறகுதான் வரும். தையல் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும், வழியில் காட்டெருமை நிற்கும். ஆட்டோவுக்கு அவர்கள் கேட்கும் முன்பே கொடுங்கள். சம்பளம் குறைவில்லை என்பது யாரோடு ஒப்பிட்டு என்று தெரியவில்லை. தோட்டக் கூலியோடு என்றால் திருப்பூர் ஜெயிக்கத்தான் செய்யும்.

திருப்பூர் போனவரின் நம்பர் உங்களிடம் இருக்கும். கூப்பிடுங்கள். ஏன் நின்றீர்கள் என்று மறுபடி கேட்க வேண்டாம், திரும்பி வரச் சொல்லவும் வேண்டாம். அவர் கடைசி வாரம் பிடித்திருந்த நாய்களில் எதெது பிழைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது.

அன்புடன்.