கடலாமைக்கு மூச்சு முட்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வனவிலங்கு வாரத்துக்காக, கடலாமையின் மூக்கிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவை இடுக்கியால் பிடுங்கும் வீடியோவைக் காட்டினேன். ஒரு குழந்தை அழுது, இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. அவள் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். இந்த வயதில் இதையெல்லாம் காட்டலாமா? மாணவர்கள் செய்த தெர்மாகோல் ஆமையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

---

அன்புள்ள டீச்சர்,

ஆமை அழகாக இருக்கிறது. ஏன் தெர்மாகோலில் என்று கேட்கப்போவதில்லை. அழுத குழந்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அந்த வீடியோ 2015-ல் கோஸ்டாரிகா கடலில் எடுத்தது. அதில் இருப்பது நம்மூர்ப் பங்குனி ஆமையின் இனமேதான். பெசன்ட் நகர் மணலில் ராத்திரி ஏறிவந்து, குழி தோண்டி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகிறதே, அது. சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். அவற்றை ஸ்ட்ராவா கொன்றது?

கல்லூரி நாளில், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினரோடு நீலாங்கரையிலிருந்து ஒரு ராத்திரி நடந்தேன். முட்டை கிடைக்கவில்லை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒரு ஆமை கிடந்தது. கட்டுமரத்தடியில் படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். "மூச்சு முட்டிச் செத்திருக்கு தம்பி."

"கடல்ல இருக்கிறதுக்கு மூச்சு முட்டுமா தாத்தா?"

"மேல வந்துதானே மூச்சு வாங்கணும்? மடியில, அதான் இழுவலையில, மாட்டிக்கிட்டா எப்படி வரும்?"

நான் விலங்கியல் மாணவன். ஊர்வன நுரையீரலால் சுவாசிக்கும் என்று எழுதி மார்க் வாங்கியவன்!

நீங்களும் அந்த வரியைத்தான் நடத்துகிறீர்கள். ஆனால் விசைப்படகு இழுவை மடியை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்போது உள்ளே மாட்டிய ஆமை என்னவாகும் என்று வகுப்பில் ஒருநாளும் பேசியிருக்க மாட்டீர்கள். பிளாஸ்டிக் பாடம் வசதியானது டீச்சர். ஒன்பது வயசுக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் போதும், பெரியவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கரையை ஒட்டி விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. அதை எந்தப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள்?

மடிக்குள் ஒரு கம்பிச் சட்டமும் அதன் மேலே ஒரு திறப்பும் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை முட்டி வெளியே வந்துவிடும். கூடவே மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். டீசல் விற்கிற விலையில் அந்தக் கவலையும் பொய்யில்லை. இதெல்லாம் குழந்தைகளுக்குப் புரியும். வெங்காயம் வருகிற வலைப்பையைக் கொடுத்து, ஒரு பொம்மை ஆமை தப்பிக்க வழி செய்யச் சொல்லிப் பாருங்கள். பை பிளாஸ்டிக்தான், இருக்கட்டும்.

பிளாஸ்டிக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. 2019-ல் இங்கே ஸ்ட்ராவையும் சேர்த்துத்தான் தடை செய்தார்கள், நல்லது.

வீடியோ காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்புறம் பார்க்கலாம். மார்ச்சில் பெசன்ட் நகரில் சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அந்தக் குழந்தையையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போன் வெளிச்சம் மட்டும் யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சுகள் கடலை விட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.