பாக்கெட்டில் 500 கிராம், உள்ளே எவ்வளவு?

அரைக் கிலோ கேழ்வரகு மாவு பாக்கெட்டை வீட்டுத் தராசில் வைத்தால் 488 கிராம் காட்டுகிறது. புகார் கொடுக்கலாமா?
– வாசகி, தருமபுரி

கவரோடு நிறுத்தீர்களா? அச்சிட்ட எடை உள்ளே இருக்கும் மாவுக்கு மட்டும்தான். கவர் 5 கிராம் என்றால் உங்களுக்குக் கிடைத்தது 483. பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி 500 கிராம் பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் குறைவு 3 சதவீதம், அதாவது 15 கிராம். உங்களுடையது 17. தாராளமாகப் புகார் கொடுங்கள்.

பாக்கெட்டுக்கு 15 கிராம் குறைத்துக்கொள்ளலாம் என்று சில கம்பெனிக்காரர்கள் நினைக்கிறார்கள். அது சலுகை இல்லை, இயந்திரத்தில் நேரும் பிழைக்கான இடம். ஆய்வாளர் ஒரே தயாரிப்பில் பல பாக்கெட்டுகளை எடுத்து நிறுப்பார். அவற்றின் சராசரி 500-க்குக் கீழே இறங்கக் கூடாது.

ஒன்று மட்டும்: பிரித்த பாக்கெட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத பாக்கெட் ஒன்றும் பில்லும் கையில் இருக்கட்டும்.

எடை குறைகிறது என்று புகார் கொடுக்க உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன், இங்கே இல்லை என்றார்கள்.
– வாசகர், ஓசூர்

அவர்கள் சொன்னது சரி. கலப்படம், கெட்டுப்போனது என்றால் அவர்கள். எடைக் குறைவு என்றால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம்.

ஸ்வீட் கடையில் பெட்டியோடு சேர்த்து நிறுக்கிறார்கள். கேட்டால் முறைக்கிறார்கள்.
– வாசகர், கிருஷ்ணகிரி

முறைக்கட்டும், கேளுங்கள். கிலோ 600 ரூபாய் இனிப்பில் 40 கிராம் அட்டைப்பெட்டி 24 ரூபாய். வெறும் பெட்டியைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிய பிறகே இனிப்பைப் போட வேண்டும்.

மகளிர் குழுவாகப் புளி பாக்கெட் போடுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, பென்னாகரம்

பெயர், முகவரி, பொருள், நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் கவரில் வேண்டும். பாக்கெட் போடுபவராகப் பதிவும் செய்துகொள்ளுங்கள். புளி காயக் காய எடை இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நிறுங்கள், இரண்டு மூன்று கிராம் கூடவே போடுங்கள். அப்புறம், மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். உங்கள் தராசின் முத்திரைத் தேதியை இன்றே பாருங்கள்.